பார்க்கின்சன் நோய்: உயிரியலும் குரங்கு ஆய்வுகளும்

பார்க்கின்சன் நோய் என்பது நடுமூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதால் உடலசைவு குன்றிப்போகும் நோய். தமிழில் நடுக்குவாதம் என்றும் சொல்வார்கள். கை ஓய்ந்திருக்கும்போது வரும் நடுக்கம், தசை விறைப்பு, அசைவு மந்தம், நிலைதடுமாற்றம் ஆகியவை இதன் முதன்மை அறிகுறிகள். பிறர் கண்ணில் முதலில் படுவது நடுக்கம்தான். ஆனால் நோயாளியை முடக்குவது பெரும்பாலும் மந்தமே. நடுக்கமே இல்லாத நோயாளிகளும் உண்டு. மலச்சிக்கல், மோப்ப உணர்வு குன்றுதல், கனவில் கைகாலை வீசுதல் போன்றவை அசைவுக் குறை தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடக்கூடும். நரம்புச் சிதைவு நோய்களில் அல்ஸைமருக்கு அடுத்தபடி மிகுதியாகக் காணப்படுவது இதுவே.

இந்நோயைப் பற்றி இன்று அறிந்தவற்றில் ஒரு பெரும்பகுதி குரங்குகளிடமிருந்து கிடைத்தது. அந்த அறிவு எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதையும் இந்த வரலாறு காட்டுகிறது.

நோயும் கரும்பகுதியும்

லண்டன் ஹாக்ஸ்டன் பகுதி மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் விவரிக்கப்பட்டவர்கள் ஆறே பேர். அவர்களிலும் சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி. எவருடைய மூளையையும் அவர் அறுத்துப் பார்க்கவில்லை. நோயாளியின் அறிவாற்றலுக்குக் குறைவு வராது என்று அவர் எழுதியது பின்னாளில் தவறென்று தெரிந்தது. நடை, கூன், நடுக்கம் பற்றிய அவருடைய வர்ணனை மட்டும் இன்றும் பிசகாமல் நிற்கிறது. பாரிஸ் சால்பெத்ரியேர் மருத்துவமனையின் ஜான்-மார்த்தான் ஷார்கோ அரை நூற்றாண்டுக்குப் பிறகு நோய்க்கு பார்க்கின்சனின் பெயரையே சூட்டினார். இது பக்கவாதம் போன்ற வலுக்குறைவு அல்ல என்று பிரித்துக் காட்டியவரும் அவர்தான்.

நோய் மூளையில் எங்கே இருக்கிறது என்பதற்கு முதல் துப்பு 1893இல் கிடைத்தது. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் இந்த அறிகுறிகள் கொண்டிருந்த ஒருவரின் நடுமூளையில், எதிர்ப்புறத்தில், காசநோய்க் கட்டி ஒன்று இருந்ததை பிளாக், மரினெஸ்கோ இருவரும் எழுதினார்கள். கட்டி அழித்திருந்த இடம் சப்ஸ்டான்ஷியா நைக்ரா எனப்படும் கரும்பகுதி. அங்குள்ள நரம்பணுக்களில் நியூரோமெலனின் என்ற நிறமி சேர்வதால் வந்த பெயர் அது. 1912இல் பிரெடெரிக் லூயி நோயாளிகளின் நரம்பணுக்களுக்குள் உருண்டையான படிவங்களைக் கண்டார். 1919இல் கான்ஸ்டன்டின் ட்ரெட்டியாகாஃப் தம் பாரிஸ் ஆய்வேட்டில், நோயாளிகளின் கரும்பகுதி நிறமிழந்து வெளிறிப்போயிருப்பதை நிறுவி, அந்தப் படிவங்களுக்கு லூயியின் பெயரை வைத்தார். ஆய்வேட்டை அன்றைய நரம்பியல் பெரியவர்கள் பலர் பொருட்படுத்தவில்லை.

வேதியியல் விடை வர இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. இரத்தக் கொதிப்புக்காக இந்தியாவிலிருந்து உலகம் எடுத்துக்கொண்ட சர்ப்பகந்தா வேரின் சாரம் ரிசர்பின். அதைக் கொடுத்தால் விலங்குகள் அசைவற்றுச் சுருண்டுவிடும். சுவீடனின் அர்விட் கார்ல்சன் 1957இல் அப்படிச் சுருண்ட முயல்களுக்கு, உடலில் டோபமைனாக மாறும் டோபா என்ற பொருளை ஊசி போட்டார். அவை எழுந்து நடந்தன. டோபமைன் தானே ஒரு நரம்புச் செய்திப்பொருள் என்ற அவருடைய முடிவுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. 1960இல் வியன்னாவில் எரிங்கரும் ஹார்னிகிவிச்சும் இறந்த நோயாளிகளின் மூளையை ஆராய்ந்து, கரும்பகுதியின் நரம்பிழைகள் சென்று சேரும் வரியுருப் பகுதியில் டோபமைன் பெருமளவு வற்றியிருப்பதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே பிர்க்மேயருடன் சேர்ந்து நோயாளிகளுக்கு டோபாவின் ஒரு வடிவமான லெவோடோபாவை ஊசி போட்டுப் பார்த்தார் ஹார்னிகிவிச். 1967இல் அமெரிக்காவின் ஜார்ஜ் கோட்ஸியாஸ் வாய்வழியாகக் கொடுக்கும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அதை நடைமுறை மருத்துவமாக்கினார்.

அந்த லெவோடோபா சென்னைக்கு ஏற்கெனவே அறிமுகமானது. 1937இல் சேப்பாக்கத்தில் இருந்த பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் எம். தாமோதரனும் ஆர். இராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். மூளையில் அதற்கு என்ன வேலை என்று உலகில் எவருக்கும் தெரியாத காலம் அது.

குரங்கு இந்த வரலாற்றுக்குள் நுழைந்ததும் 1960களில்தான். மான்ட்ரியலில் லூயி புவாரியே, தியோடர் சோர்க்ஸ் இருவரும் குரங்கின் கரும்பகுதியைச் சேதப்படுத்தினால் அதே பக்கத்து வரியுருப் பகுதியில் டோபமைன் குறைகிறது என்று 1965இல் காட்டினார்கள். கரும்பகுதி வெளிறுவதும் டோபமைன் வற்றுவதும் ஒரே நிகழ்ச்சியின் இரு முனைகள் என்பது அதனால் உறுதியாயிற்று. ஆனால் கத்தியாலோ மின்சாரத்தாலோ செய்த காயம் அக்கம்பக்கத்தையும் கெடுக்கும். டோபமைன் செல்களை மட்டும் தேடிப்பிடித்து அழிக்கும் ஒரு பொருள் தேவைப்பட்டது. அது கிடைத்தது எந்த ஆய்வகத்திலிருந்தும் அல்ல.

எம்.பி.டி.பி.

1976இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு கல்லூரி மாணவர் வலிநிவாரணியான பெத்தடினுக்கு உறவான எம்.பி.பி.பி. என்ற போதைப்பொருளைத் தாமே வீட்டில் தயாரித்து ஊசி போட்டுக்கொண்டார். ஒருமுறை தயாரிப்பில் அவசரம் காட்டியதில் எம்.பி.டி.பி. என்ற துணைப்பொருள் உருவாகிவிட்டது. சில நாட்களில் அவர் உடல் விறைத்து, பேச்சும் அசைவும் நின்றன. லெவோடோபா கொடுத்ததும் தெளிந்தார். மருத்துவர்கள் அவருடைய பொருளைத் திரும்பத் தயாரித்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் சிறிது நேரம் முடங்கிக் கிடந்துவிட்டு மீண்டும் ஓடின. பின்னர் அவர் இறந்தபோது பிரேதப் பரிசோதனையில் கரும்பகுதி அழிந்திருந்தது தெரிந்தது. இந்தச் செய்தி 1979இல் ஓர் உளமருத்துவ இதழில் வெளியாகி, கவனிப்பாரில்லாமல் கிடந்தது.

1982இல் கலிபோர்னியாவின் சான் ஹொசே வட்டாரத்தில் இளம் வயதினர் சிலர் கல்லாய்ச் சமைந்த நிலையில் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். முதலில் மனநோய் என்றே எண்ணப்பட்டது. நரம்பியலர் வில்லியம் லாங்ஸ்டன் அவர்களைப் பரிசோதித்து, எல்லா வகையிலும் முற்றிய பார்க்கின்சன் நோயாளிகள் போல இருப்பதைக் கண்டார். அனைவரும் செயற்கை ஹெராயின் என்று விற்கப்பட்ட பொடியைப் பயன்படுத்தியவர்கள். அதே பழைய இதழ்க் கட்டுரை அப்போது யாரோ ஒருவரின் நினைவுக்கு வர, பொடியில் எம்.பி.டி.பி. இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. நான்கு நோயாளிகளைப் பற்றிய லாங்ஸ்டனின் அறிக்கை 1983இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. அதே ஆண்டு அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் பர்ன்ஸ், கோபின் குழுவினர் ரீசஸ் குரங்குகளுக்கு எம்.பி.டி.பி. ஊசி போட்டு, நோயின் அசைவுக் குறைகளை ஏறக்குறைய முழுமையாக உண்டாக்கினார்கள்.

எலி தப்பியதற்கும் குரங்கு விழுந்ததற்கும் காரணத்தைத் தேடியபோதுதான் நோயின் உயிரியலே திறந்தது. எம்.பி.டி.பி. கொழுப்பில் கரைவதால் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைச் சுலபமாகக் கடந்துவிடும். அது நேரடி நஞ்சு அல்ல. நரம்பணுக்களைச் சூழ்ந்த துணைச் செல்களில் உள்ள மோனோஅமைன் ஆக்சிடேஸ்-பி என்ற நொதி அதை எம்.பி.பி. பிளஸ் என்ற மின்னேற்றமுள்ள பொருளாக மாற்றுகிறது. டோபமைன் நரம்பணுக்களில், வெளியே விட்ட டோபமைனைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் புரதங்கள் உண்டு. அவை உருவ ஒற்றுமையால் ஏமாந்து நஞ்சையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. உள்ளே போனதும் அது மைட்டோகாண்ட்ரியாவில் குவிந்து, ஆற்றல் உற்பத்தியின் முதல் படியான காம்ப்ளெக்ஸ்-1ஐ முடக்குகிறது; செல் ஆற்றலின்றி மடிகிறது. நிறமியான நியூரோமெலனினும் நஞ்சைப் பற்றி வைத்துக்கொள்ளும். எலிகளில் மூளைக்குச் செல்லும் நுண்குழாய்களின் சுவரிலேயே எம்.பி.டி.பி. பெருமளவு மாற்றப்பட்டுவிடுவதால், அது உள்ளே சேர்வது குறைவு.

இதிலிருந்து இரண்டு வழிகள் பிரிந்தன. ஒன்று, சாதாரண நோயாளிகளிடமும் மைட்டோகாண்ட்ரியா பழுதா என்று தேடுவது. 1989இல் லண்டனில் ஷாபிராவின் குழு அவர்களுடைய கரும்பகுதியில் காம்ப்ளெக்ஸ்-1 குன்றியிருப்பதைக் காட்டியது. களைக்கொல்லியான பாராகுவாட்டின் மூலக்கூறு எம்.பி.பி. பிளஸ்ஸை ஒத்திருப்பதால், பூச்சிமருந்துகளின் மீதும் பார்வை திரும்பியது. மற்றது, எம்.பி.டி.பி.யை நஞ்சாக்கும் அந்த நொதியைத் தடுத்து நோயையே நிறுத்தலாம் என்ற ஆசை. நொதியை முன்கூட்டியே தடுத்த குரங்குகளுக்கு எம்.பி.டி.பி.யால் கேடு வரவில்லை. மனிதர்களில் அதே நொதியைத் தடுக்கும் செலெஜிலின் மாத்திரை லெவோடோபா தொடங்கும் நாளைத் தள்ளிப்போட்டதாக 1989இல் அறிவிக்கப்பட்டபோது பெரும் பரபரப்பு. அது அறிகுறியைச் சற்றுத் தணித்ததால் வந்த தோற்றமாகவும் இருக்கலாம் என்று பின்னர் உணரப்பட்டது. நஞ்சு கொடுத்த குரங்கைக் காப்பது ஒன்று, காரணம் தெரியாத நோயிலிருந்து மனிதரைக் காப்பது வேறொன்று. இந்தப் பாடம் அடுத்த முப்பது ஆண்டுகளில் திரும்பத் திரும்பப் படிக்கப்பட்டது.

சுற்றுப்பாதையின் வெற்றி

நோய்க்கு மாதிரியாக வைத்த குரங்கு தன் முழுப் பயனையும் தந்தது வேறோர் இடத்தில்: டோபமைன் போன பிறகு மூளையின் அசைவுச் சுற்றுப்பாதைக்கு என்ன நேர்கிறது என்பதில். விழித்திருக்கும் குரங்குகளின் மூளை ஆழத்தில் அசைவைக் கட்டுப்படுத்தும் அடித்தள முடிச்சுகளில் ஒற்றை நரம்பணுக்களின் மின்துடிப்பை மாலன் டிலாங் 1970களிலிருந்தே பதிவு செய்துவந்தார். எம்.பி.டி.பி. கொடுத்த குரங்குகளில் அவற்றுள் ஒன்றான சப்தாலமிக் முடிச்சு அளவுமீறித் துடிப்பதை அவர் குழு கண்டது. அந்த முடிச்சின் வேலை அசைவைத் தடுப்பது. டோபமைன் இல்லாத மூளை, பிரேக்கை மிதித்தபடியே ஓட்டும் வண்டி. 1990இல் பெர்க்மன், விக்மன், டிலாங் மூவரும் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குகளில் அந்த முடிச்சை அழித்தார்கள். அசையாதிருந்த குரங்குகள் அசைந்தன, நடுக்கமும் தணிந்தது. பிரிட்டனில் திப்பு அஸீஸும் குரங்கில் இதே முடிவை அடைந்தார்.

முடிச்சை நிரந்தரமாக அழிப்பதற்குப் பதில் மின்முனை பதித்து அடக்கலாம் என்ற எண்ணத்துக்கு, கிரெனோபிளில் அலிம்-லூயி பெனாபித் 1987இலேயே தாலமஸ் என்ற மூளைப்பகுதியில் செய்திருந்த சிகிச்சை வழிகாட்டியது. 1993இல் போர்தோவில் அதிவேக மின்தூண்டல் குரங்கின் சப்தாலமிக் முடிச்சில் பலித்தது. அதே ஆண்டு பெனாபித் மனித நோயாளிக்குச் செய்தார். சென்னை உட்பட உலகின் பல நகரங்களில் இன்று செய்யப்படும் ஆழ்மூளைத் தூண்டல் அறுவை இந்த வழியில் வந்ததே. 2014இல் பெனாபித்துக்கும் டிலாங்குக்கும் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

லெவோடோபாவை நெடுங்காலம் உண்டவர்களுக்கு வரும் தன்வசமற்ற நெளிவசைவுகளும் இந்தக் குரங்குகளில் அப்படியே தோன்றின. மர்மோசெட், மகாக் குரங்குகளில் இவற்றைப் பார்த்தே மருந்துகள் அளவிடப்பட்டன. தண்டுவடத்தைத் தூண்டி நடையைச் சீராக்கும், 2023இல் அறிவிக்கப்பட்ட கருவியும் முதலில் இத்தகைய குரங்குகளில் சோதிக்கப்பட்ட பின்னரே ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

இவற்றின் விலையையும் சொல்லியாக வேண்டும். இருபுறமும் நஞ்சேறிய குரங்கு தானாக உண்ணவோ குடிக்கவோ முடியாமல் போகலாம், ஊட்டிவிட வேண்டியிருக்கும். கழுத்துத் தமனி ஒன்றில் மட்டும் மருந்தைச் செலுத்தி ஒரு பக்கத்தை மட்டும் பாதிக்கும் முறை 1986இல் வந்ததற்கு ஆய்வு வசதியோடு இதுவும் ஒரு காரணம். ஆக்ஸ்ஃபோர்டில் விலங்கு ஆய்வகத்துக்கு எதிராக எழுந்த போராட்டங்களில் அஸீஸ் நேரடி இலக்கானார். அவர் தம் ஆய்வை வெளிப்படையாக நியாயப்படுத்திப் பேசினார். ஆழ்மூளைத் தூண்டலால் எழுந்து நடப்பவர்களைப் பார்த்த பிறகு அந்தக் குரங்குகளைப் பயனற்ற பலி என்று சொல்ல முடியாது. அதையே சொல்லி எல்லாக் குரங்கு ஆய்வுகளையும் நியாயப்படுத்திவிடவும் முடியாது.

குரங்கில் இல்லாதது

1997இல் இத்தாலிய வழிக் குடும்பம் ஒன்றின் பரம்பரை நோய்க்கு ஆல்ஃபா-சைனுக்ளின் புரதத்தின் மரபணுவில் ஓரெழுத்து மாற்றம் காரணம் என்று தெரிந்தது. அதே ஆண்டு, லூயி படிவங்களில் நிறைந்திருப்பது அந்தப் புரதமே என்று ஸ்பில்லான்டினியின் குழு காட்டியது. வேடிக்கை என்னவென்றால், மனிதருக்கு நோய் தரும் அந்த மாற்றம் எலிகளின் புரதத்தில் இயல்பாகவே இருக்கிறது. அவற்றுக்கு நோய் வருவதில்லை. பார்க்கின், பிங்க்-1, எல்.ஆர்.ஆர்.கே.2 என மரபணுப் பட்டியல் பின்னர் நீண்டது. பார்க்கினும் பிங்க்-1உம் பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அப்புறப்படுத்தும் வேலையைச் செய்பவை என்பதால், எம்.பி.டி.பி. காட்டிய பாதையும் மரபணுப் பாதையும் அங்கே சந்தித்தன.

ஆனால் எம்.பி.டி.பி.யால் நோயுற்று இறந்த மூவரின் மூளையை 1999இல் லாங்ஸ்டன் குழு ஆராய்ந்தபோது லூயி படிவங்கள் இல்லை. நஞ்சு நின்று பல ஆண்டுகளுக்குப் பிறகும் செல்கள் அழிந்துகொண்டிருந்த தடயம் மட்டும் இருந்தது. நோயாளியின் மூளையில் புரதம் ஆண்டுக்கணக்கில் திரண்டு, மூளைத்தண்டிலிருந்து மேல்நோக்கிப் பரவுகிறது என்பது 2003இல் பிராக் முன்வைத்த கருத்து. நஞ்சேறிய குரங்கில் அந்த நெடும்பயணமே கிடையாது. இக்குறையைப் போக்க, இறந்த நோயாளிகளின் லூயி படிவச் சாரத்தை மகாக் குரங்குகளின் மூளையில் செலுத்தி, செல் சிதைவு தொடங்குவதை 2014இல் பிரெஞ்சு, ஸ்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

குரங்குக்கும் மனிதருக்குமான இந்த இடைவெளி மருத்துவத்தில் கடும் ஏமாற்றங்களாக வெளிப்பட்டது. ஜி.டி.என்.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி 1996இல் குரங்குகளில் அருமையாக வேலை செய்தது. 2006இல் வெளியான மனிதச் சோதனையில் போலிமருந்தைவிட மேலாக எதையும் செய்யவில்லை. 2019இல் வெளியான இன்னொரு சோதனையும் இலக்கை எட்டவில்லை. கருவிலிருந்து எடுத்த செல்களை ஒட்டும் சிகிச்சை, மருந்து இல்லாத வேளையிலும் ஓயாத நெளிவசைவைச் சிலருக்குத் தந்தது. ஒட்டிய செல்களுக்குள்ளேயே பத்தாண்டு கடந்து லூயி படிவங்கள் தோன்றியதை 2008இல் இரு குழுக்கள் தனித்தனியே அறிவித்தன.

செல் சிகிச்சை அதோடு ஓயவில்லை. கியோட்டோவில் ஜுன் தகஹாஷியின் குழு, மனிதச் செல்களைத் தண்டுச் செல்களாக மாற்றி, அவற்றிலிருந்து வளர்த்த டோபமைன் செல்களை எம்.பி.டி.பி. குரங்குகளில் ஒட்டி, இரண்டு ஆண்டுகள் கவனித்து, கட்டி எதுவும் வளரவில்லை என்று 2017இல் அறிவித்தது. மறு ஆண்டே மனிதச் சோதனை தொடங்கியது. 2025இல் வெளியான அதன் முடிவில், ஏழு நோயாளிகளில் எவருக்கும் கடும் பக்கவிளைவு இல்லை. பலன் மதிப்பிடப்பட்ட ஆறு பேரில் நால்வருக்கு, மருந்தில்லாத வேளை அசைவு மேம்பட்டிருந்தது. இதுவும் இழந்த டோபமைனை ஈடுகட்டும் முயற்சியே. செல்கள் அழிவதைத் தடுத்து நோயின் போக்கையே மாற்றும் என்று உறுதிப்பட்ட மருந்து இன்றுவரை ஒன்றும் இல்லை.