கிண்ணத்தின் அடியில் ஒரு விரல் தடம்

 

பழைய பீங்கான் கிண்ணமொன்று கையில் கிடைத்தால் நாம் உள்ளே இருக்கும் படத்தைத்தான் முதலில் பார்ப்போம். பழம்பொருள் தெரிந்தவர்கள் உடனே கவிழ்த்து அடியைப் பார்ப்பார்கள். ஜப்பானின் கியூஷூ தீவிலுள்ள அரிட்டா என்ற ஊரில், பீங்கான் தொழில் தொடங்கிய முதல் சில பத்தாண்டுகளில் செய்த கிண்ணங்கள் சிலவற்றைக் கவிழ்த்தால், அடிவளையத்துக்குப் பக்கத்தில் பளபளப்பு ஏறாத சிறு தடங்கள் தெரியும். அவை விரல்கள் பட்ட இடங்கள். ஏறத்தாழ 400 வருடங்களுக்கு முன் யாரோ ஒருவர் அந்தக் கிண்ணத்தைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்.

அந்தத் தடம் எப்படி வந்தது?

பீங்கானின் மினுக்கத்துக்குக் காரணம் ‘கிளேஸ்’ எனப்படும் கண்ணாடிப் பூச்சு. அரிட்டாவில் பீங்கான் கல்லின் தூளோடு இசு என்ற மரத்தின் சாம்பலைக் கலந்து, நீரில் கரைத்து அதைச் செய்தார்கள். கல் கண்ணாடியாகும், சாம்பல் அந்தக் கல்லை உருக வைக்கும். சூளைக்குப் போகுமுன் பூச்சு வெறும் வெள்ளைக் குழம்புதான். கிண்ணத்தில் தீட்டிய படத்தை அது முழுதாக மூடிவிடும். வரைந்தவருக்கே தன் படம் தெரியாது. சுமார் 1,300 பாகை சூட்டில் குழம்பு உருகித் தெளிந்தால்தான் கீழேயிருக்கும் படம் வெளியே வரும். கறுப்புச் சாம்பல் நிறமாகப் பூசிய கோபால்ட், நீலமாக மாறியிருக்கும்.

பிற்காலத்தில் கிண்ணத்தை முதலில் இலேசாகச் சுட்டு இறுக்கிவிட்டுப் பூச்சுக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் அப்படியில்லை. காய்ந்த பச்சை மண்ணையே குழம்பில் முக்கினார்கள். கொஞ்சம் தாமதித்தால் கிண்ணம் ஊறிக் கரைந்து போகும். அடியைப் பிடி, முக்கு, எடு. அவ்வளவுதான் நேரம். விரல் இருந்த இடத்தில் பூச்சு ஏறவில்லை. நமக்கென்னவோ பூச்சு ஒரே சீராக ஏறிய பிந்திய கிண்ணங்களை விட, அங்கங்கே தடித்து வழிந்த இந்தக் கிண்ணங்கள்தான் அழகு.

அந்த விரல்கள் யாருடையவை? அவற்றுள் பல கொரியருடையவையாக இருக்கலாம். 1592 முதல் 1598 வரை ஹிதேயோஷியின் படைகள் கொரியாவைச் சூறையாடின. திரும்பிப் போன பிரபுக்கள் பொருட்களோடு மனிதர்களையும் கொண்டு போனார்கள். குயவர்களுக்கு நல்ல கிராக்கி. அதனால் இதைக் ‘குயவர் போர்’ என்று சொல்வோரும் உண்டு. அப்படி வந்தவர்களில் ஒருவரான யி சாம்-பியோங், 1616இல் அரிட்டாவின் இசுமியாமா மலையில் பீங்கான் கல்லைக் கண்டுபிடித்தார் என்பது மரபு. அவர் விரும்பி வந்தாரா, பிடித்துக்கொண்டு வரப்பட்டாரா என்ற வாதம் இரு நாடுகளுக்கிடையில் இன்னும் முடியவில்லை.

இன்னொருவர் ஒரு பெண். கணவர் இறந்த பிறகு 900க்கு மேற்பட்ட கொரியர்களை அழைத்துக்கொண்டு அரிட்டாவுக்கு வந்து சூளை நடத்தியவர். 96 வயது வரை வாழ்ந்து 1656இல் காலமானார் என்கிறார்கள். கொரிய மொழியில் இவரைப் பேக்பாசன் என்று குறிப்பிடுவார்கள். அது வயது முதிர்ந்த பெரியம்மா என்ற பொருளில் மரியாதைக்குக் கொடுத்த பட்டம். பெற்றோர் வைத்த பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

கிண்ணத்தின் அடியில் பெயரே இல்லையா என்று கேட்பீர்கள். 17ஆம் நூற்றாண்டு அரிட்டாப் பீங்கான்கள் பலவற்றில் எழுத்து இருக்கிறது. ஆனால் அது சீன மிங் பேரரசரின் ஆட்சிக்காலப் பெயர்! சீனப் பீங்கானுக்குத்தான் மதிப்பு என்பதால் அதையே பார்த்து எழுதினார்கள்.

சீனாவின் நீலத்துக்கும் ஒரு பின்கதை உண்டு. 14ஆம் நூற்றாண்டில் அங்கே நீலப் பீங்கான் பெருகியபோது பயன்பட்ட கோபால்ட் பாரசீகப் பக்கமிருந்து போனது. சீனர்களே பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்த கோபால்டை ‘முஸ்லிம் நீலம்’ என்ற பொருளில் அழைத்தார்கள். நாம் வீட்டில் தினமும் சொல்லும் ‘பீங்கான்’ என்ற சொல்லும் பாரசீகத்தில் கிண்ணத்தைக் குறிக்கும் ‘பிங்கான்’தான்.

1644இல் மிங் ஆட்சி கவிழ்ந்து சீன ஏற்றுமதி தடுமாறியது. ஒல்லாந்தக் கம்பனி அரிட்டா பக்கம் திரும்பியது. 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து நமது கொழும்பைப் பிடித்த அதே கம்பனிதான். 1659இல் அது கொடுத்த கட்டளை 50,000 உருப்படிகளுக்கும் அதிகம். அதில் யெமனின் மொக்கா துறைமுகத்துக்கான சரக்கும் இருந்தது. கோப்பி வணிகத்தின் தலைவாசல் அல்லவா! அரிட்டாவின் சரக்கு பக்கத்திலிருந்த இமாரி துறைமுகம் வழியாகக் கப்பலேறியதால், உலகம் அதற்கு ‘இமாரி’ என்றே பெயர் வைத்தது. அடியில் சீனப் பேரரசர், வெளியே துறைமுகத்தின் பெயர். செய்தவர் எங்கும் இல்லை.

யி சாம்-பியோங்குக்கு 1917இல் அரிட்டாவின் கோயில் குன்றில் நினைவுத்தூண் எழுப்பினார்கள். அந்தக் கோயிலின் வாசல் வளைவே பீங்கானால் ஆனது. பேக்பாசனுக்கு அதே ஊரிலுள்ள விகாரையொன்றில் ஒரு கல் இருக்கிறது. அவரது கொள்ளுப்பேரன் நட்டது. அதிலும் பட்டம்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது.