ஆயுதமின்றிச் சென்ற காவலர்கள்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நம்மில் பலருக்கு மாநில எல்லை என்பது புகைவண்டியின் சன்னல் வழியே கண்டு கடந்து போகும் ஒரு பெயர்ப்பலகையே ஆகும். கோயம்புத்தூரை விட்ட வண்டி வாளையாற்றைத் தாண்டும்போது பெயர்ப்பலகையின் எழுத்து மாறுகிறது. பனைமரங்களும் மலைகளும் மாறுவதில்லை. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஏறிச் செல்லும் தொழிலாளியும் இப்படித்தான் ஒரு மாநிலத்தினின்று மற்றொன்றுக்குள் புகுகிறான். பறம்பிக்குளம் புலிகள் காப்பகம் பாலக்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் அதற்குச் செல்லும் சாலை பொள்ளாச்சிப் பக்கத்துச் சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டிற்குள்ளேயே போகிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மனிதர்கள் வரைந்த கோட்டை யானையும் அறியாது, சந்தன மரமும் அறியாது.

இத்தகைய காட்டெல்லையில் சட்டத்தைக் காப்பது எளிய வேலையன்று. மறையூரின் சந்தனக் காட்டில் மரங்களுக்கு எண்ணிட்டு, வேலியிட்டு, இரவும் பகலும் காவல் இருக்கின்றனர். ஒரு பக்கத்தில் வெட்டிய மரம் விடிவதற்குள் மறுபக்கம் போய்விடலாம். ஓர் அரசின் அதிகாரி தம் எல்லையில் நின்றுவிட வேண்டும். குற்றவாளிக்கு அத்தகைய தடை ஏதும் இல்லை. இவ்வெல்லைக் காடுகளில் கடமையின் பொருட்டு உயிர் கொடுத்த இருவரை இன்று நினைவு கூர விரும்புகிறேன். ஒருவர் மலைத்தோட்டத்து எளிய காவலர். மற்றவர் இந்திய வனப்பணி அதிகாரி. இருவரும் வெவ்வேறு காலத்தவர். ஆனால் இறுதி நாளில் இருவர் கையிலும் துப்பாக்கி இல்லை.

அதற்கு முன், நாடு தன் காவலரை எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறது என்பதைச் சற்றே பார்ப்போம். 1959 அக்டோபர் 21ஆம் தேதி லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில், கரம் சிங் என்ற அதிகாரியின் தலைமையில் சென்ற காவற்படையினர் மீது சீனப் படை தாக்குதல் நடத்தியது. பத்துப் பேர் மாண்டனர். அந்நாளே ஆண்டுதோறும் காவலர் வீரவணக்க நாளாகப் போற்றப்படுகிறது. தில்லி சாணக்கியபுரியில் 2018ஆம் ஆண்டு அதே நாளில் தேசியக் காவலர் நினைவகம் திறக்கப்பட்டது. சுதந்திரத்திற்குப் பின் கடமையில் உயிர் நீத்த 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட காவலரின் பெயர்கள் அங்குள்ள சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன.

காடு காத்தோருக்கென்று வேறொரு நாள் உண்டு. 1730ஆம் ஆண்டு, மார்வாட் நாட்டில் கேஜர்லி என்ற ஊரில், மன்னரின் ஆட்கள் வன்னி மரங்களை வெட்ட வந்தபோது, பிஷ்ணோய் மக்கள் மரங்களைக் கட்டித் தழுவி நின்று வெட்டுண்டு மாண்டனர். மாண்டவர் 363 பேர் என்பது மரபு. அந்த நிகழ்ச்சியை ஒட்டிச் செப்டம்பர் 11ஆம் தேதி தேசிய வனத் தியாகிகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேஜர்லியில் மாண்டவர்கள் அரசின் சேவகர்கள் அல்லர். அரசின் கோடரிக்கு எதிரே நின்ற குடிமக்கள். காட்டுக் காவலின் வரலாறு இந்த முரண்பாட்டிலிருந்தே தொடங்குகிறது.

மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் எனக்கு, 'கடமையாற்றும்போது உயிர் நீத்தார்' என்ற தொடர் மிகவும் பழக்கமானது. பல ஆண்டுகளாகப் பல தாள்களில் அதை எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும். எது அந்தக் கடமை? உத்தரவை நிறைவேற்றுவது மட்டுந்தானா? இனிக் கூறப்போகும் இருவரின் வாழ்வும் அதற்கு விடை தருவதாக எனக்குத் தோன்றுகிறது.

இடுக்கி மாவட்டத்தில் சின்னக்கானல், சாந்தன்பாறை என்னும் ஊர்கள் தமிழ்நாட்டு எல்லையை அடுத்துள்ளன. தேயிலைத் தோட்டங்களிலும் ஏலத் தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் மக்கள் உழைத்து வருகின்றனர். அங்கே ஆனையிறங்கல் என்று ஓர் இடம் உண்டு. யானைகள் இறங்கி வரும் வழி என்பது பெயரிலேயே விளங்குகிறது. அந்தப் பள்ளத்தாக்கில் பன்னியாறு மின்திட்டத்திற்காக அணை எழுந்து, நீர் தேங்கியது. தோட்டங்கள் பெருகின, குடியிருப்புகளும் எழுந்தன. யானை இறங்கும் வழியில் மனிதன் ஏறிவிட்டான். ஆகையால் இருவருக்கும் நாள்தோறும் மோதல்.

இம்மோதலின் நடுவே நிற்பவர் 'வாச்சர்' என்று மலைநாட்டில் வழங்கப்படும் வனக் காவலர். வன இலாகாவின் படிக்கட்டில் அவருடைய படி எல்லாவற்றிலும் கீழானது. யானைக்கூட்டம் எங்கே நிற்கிறது என்று விடியற்காலையில் பார்த்து வர வேண்டும். கொழுந்து பறிக்கப் போகும் பெண்களையும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளையும் எச்சரிக்க வேண்டும். தேவையானால் கூட்டத்தைக் காட்டுப் பக்கம் திருப்ப வேண்டும். அவருடைய கருவிகள் கண்ணும் காதும் குரலுமே.

சக்திவேல் இப்படிப்பட்ட காவலராக இருந்தார். வழி மறித்து நிற்கும் காட்டு யானையை நோக்கி, வீட்டுப் பிள்ளையை அதட்டுவது போலக் குரல் கொடுத்து விலகச் செய்வதில் அவர் பெயர் பெற்றவர். அவ்வாறு அவர் யானையோடு பேசும் காட்சி படமாகிப் பல்லாயிரம் பேரால் பார்க்கப்பட்டது. 2023 ஜனவரி 25ஆம் தேதி, குடியரசு நாளுக்கு முந்திய நாள், பன்னியார் தோட்டத்தில் இறங்கிய காட்டு யானைகளைத் திருப்பச் சென்றவர் அவற்றின் தாக்குதலில் உயிரிழந்தார். அன்று வரை எத்தனையோ பேரைக் காத்த குரல் அன்று அவரைக் காக்கவில்லை.

யானையின் மீது நாம் வழக்குத் தொடுக்க இயலாது. அதற்குச் சினம் உண்டேயன்றி வஞ்சம் இல்லை. ஆனால் சக்திவேலின் பணி எத்தன்மையது என்பதை நினைக்க வேண்டும். யானையைக் கொல்லாமல் மனிதரைக் காப்பதும், மனிதரை விரட்டாமல் யானையைக் காப்பதும் அவர் பொறுப்பு. சட்டத்தின் இரு பக்கத்தையும் ஒரே மனிதர் தம் உடலால் தாங்கி நின்றார்.

இனி அங்கிருந்து வடக்கே செல்வோம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி, நீலகிரியையும் சத்தியமங்கலத்தையும் கடந்தால், கன்னட நாட்டு எல்லையில் மாதேசுவர மலைக் காடுகள் வரும். அக்காட்டுக்குள், காவிரியையும் பாலாற்றையும் அடுத்து, கோபிநத்தம் என்றோர் ஊர். நிலம் கருநாடகத்தைச் சேர்ந்தது. மக்கள் பேசுவது தமிழ். யானைத் தந்தத்திற்கும் சந்தன மரத்திற்கும் பல கொலைகளைச் செய்த வீரப்பன் பிறந்த ஊர் அதுவே.

ஆந்திர நாட்டு ராஜமகேந்திரபுரத்தில் 1954ஆம் ஆண்டு பிறந்தவர் பந்தில்லபள்ளி ஸ்ரீநிவாஸ். இந்திய வனப்பணியில் தேர்ந்து, கருநாடகத்தில் அமர்ந்தார். 1986இல் வீரப்பன் பிடிபட்டான். ஆனால் வன இலாகாவின் காவலிலிருந்து தப்பிவிட்டான். அடுத்த ஆண்டே தமிழ்நாட்டு வன அதிகாரி சிதம்பரம் அவனால் கொல்லப்பட்டார். இப்படிப்பட்டவனைத் தேடும் பணி ஸ்ரீநிவாஸின் தலைமேல் விழுந்தது.

வேறொருவராயிருந்தால் கோபிநத்தத்தைக் குற்றவாளியின் ஊர் என்று கருதி, ஊரார் அனைவரையும் ஐயுற்றிருப்பார். ஸ்ரீநிவாஸ் அவ்வாறு செய்யவில்லை. அந்த ஊரிலேயே வந்து தங்கினார். மக்கள் ஏன் கடத்தல்காரனை நம்பியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார். மருத்துவர் இல்லை, வேலை இல்லை, அரசு என்பது பிடிக்க வரும் கையாக மட்டுமே அவர்களுக்குத் தெரியும். ஆகவே நோயாளிகளுக்கு மருந்து கிடைக்கச் செய்தார். வீடில்லாதவர்க்கு வீடு கட்ட உதவினார். ஊரார் வணங்கும் மாரியம்மனுக்குத் தம் கைப்பணத்தைப் போட்டுக் கோயில் எழுப்பினார். தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்தவர், கன்னட நாட்டு அரசின் சம்பளத்தில், தமிழ் மக்களின் அம்மனுக்குக் கோயில் கட்டினார் என்பதை வெளி மாநிலத்தில் வாழும் நாம் தனியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதன் பயன் விரைவில் தெரிந்தது. வீரப்பனின் கூட்டாளிகள் பலர் சரணடைந்தனர். துப்பாக்கியால் உடையாத கூட்டம் அன்பால் உடையத் தொடங்கியது. தன் ஊரையே தன்னிடமிருந்து பிரிக்கும் இம்மனிதரை வீரப்பன் வேறெவரையும் விட அஞ்சியிருக்க வேண்டும். தம்பி அர்ச்சுனன் வழியாகத் தூது வந்தது: தானும் சரணடைய விரும்புவதாகவும், ஸ்ரீநிவாஸ் ஆயுதமின்றி வர வேண்டுமென்றும் செய்தி. அவர் நம்பிச் சென்றார். 1991 நவம்பர் 10ஆம் தேதி காட்டினுள் மறைந்திருந்து அவரைச் சுட்டுக் கொன்றனர். இறந்த உடலுக்கும் கொடுமை இழைத்தனர். அப்போது அவருக்கு வயது 37. அடுத்த குடியரசு நாளில் நாடு அவருக்குக் கீர்த்தி சக்கரம் அளித்துச் சிறப்பித்தது.

அவர் ஏமாந்து போனார் என்று சொல்பவர் உண்டு. எச்சரிக்கை வேண்டியதுதான்; அதை மறுக்க இயலாது. ஆயினும் அதன் பின் நடந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய வழியின் அருமை விளங்கும்.

1992 ஆகஸ்டில் மைசூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஹரிகிருஷ்ணாவும் உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதும் பதுங்கித் தாக்கிய கூட்டத்தால் மாண்டனர். 1993 ஏப்ரல் 9ஆம் தேதி பாலாற்றருகே வெடித்த கண்ணிவெடியில் 22 பேர் உயிரிழந்தனர். இரு மாநிலங்களின் தனிப்படைகளும் காட்டைச் சல்லடையிட்டன. 2004 அக்டோபர் 18ஆம் தேதி தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டு வீழ்த்தப்பட்டான். இடைப்பட்ட ஆண்டுகளில் மாண்ட காவலர் பலர். அவர்களும் வணக்கத்திற்குரியவர்களே.

ஆனால் அதே ஆண்டுகளில் சட்டத்தின் பெயரால் நேர்ந்த கொடுமைகளையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தன மரத்தைத் தேடுவதாகச் சொல்லி, தருமபுரிப் பக்கத்து வாச்சாத்தி என்னும் பழங்குடியினர் ஊருக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்தனர். வீடுகளைச் சூறையாடினர், மக்களை அடித்தனர், 18 பெண்களை மானபங்கப்படுத்தினர். குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். 19 ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பர் 29ஆம் தேதி, அவர்களில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 2023இல் சென்னை உயர்நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. தனிப்படையினர் இழைத்ததாகக் கூறப்பட்ட அத்துமீறல்களை ஆராய, நீதிபதி சதாசிவா தலைமையில் தேசிய மனித உரிமை ஆணையம் ஒரு குழுவையே அமைக்க வேண்டியதாயிற்று.

ஆக, ஒரே காலத்தில், ஒரே சந்தன மரத்தின் பொருட்டு, ஒரே இலாகாவின் உடுப்பை அணிந்தவர்கள் இரண்டு விதமாக ஊருக்குள் சென்றனர். ஒருவர் கோபிநத்தத்தில் கோயில் கட்டினார். மற்றவர்கள் வாச்சாத்தியில் அடுப்பை இடித்தனர். உயிர் கொடுத்த காவலரை வணங்குவது, உடுப்பு அணிந்த எல்லோரையும் வணங்குவதாகிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் ஸ்ரீநிவாஸின் தியாகத்தை நாமே சிறியதாக்கியவர்கள் ஆவோம். குற்றத்தை ஒறுப்பது கடமையின் ஒரு பாதி. குற்றமற்றவர் நம்பி வாழ இடம் கொடுப்பது மறு பாதி. அந்த மறு பாதிக்காகவே ஸ்ரீநிவாஸும் சக்திவேலும் வெறுங்கையோடு சென்றனர்.

மக்கள் இதை நன்கறிந்திருக்கிறார்கள். கோபிநத்தத்து மாரியம்மன் கோயிலில் இன்றும் ஸ்ரீநிவாஸின் படம் இருக்கிறது. ஊரார் அதற்கு வணக்கம் செலுத்துகின்றனர். கீர்த்தி சக்கரத்தை அரசு தந்தது. கோயிலுக்குள் இடத்தை எந்த அரசும் தர இயலாது; அதை அந்த ஊர்தான் தர வேண்டும், தந்தது.

சக்திவேலைப் போன்ற வாச்சர்களுக்கு நாம் செலுத்தும் நினைவுக்கடன் இன்னும் முழுமையாகவில்லை. அவர்கள் இறந்த பின் மாலையிடுவதை விட, இருக்கும்போது நல்ல ஊதியமும், தொடர்புக் கருவியும், துணைக்கு மற்றொரு காவலரும் கிடைக்கச் செய்வது மேலான நினைவுச்சின்னமாகும். யானையின் வழியை யானைக்கு விட்டுவைப்பதும் அதனோடு சேர்ந்ததே.

அன்பர்களே, விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது உங்கள் வண்டி வாளையாற்றையோ, போடிமெட்டையோ, குமுளியையோ கடக்கலாம். சோதனைச் சாவடியில் ஒருவர் கை நீட்டி வண்டியை நிறுத்துவார். தாமதமாகிறதே என்று நாம் சலித்துக் கொள்வது வழக்கம். அடுத்த முறை அந்த முகத்தை ஒரு கணம் பாருங்கள். இரண்டு அரசுகளுக்கும், காட்டுக்கும், ஊருக்கும் நடுவே நிற்கும் மனிதர் அவர். நேர்மையாக நிற்பாரானால், அவர் பேசும் மொழி எதுவாயினும், அவர் நம்மவரே.