குழலை அறுக்கலாமா? கோலார் முதல் அமெரிக்கா வரை

கேஜிஎஃப் என்று சொன்னால் முன்பெல்லாம் "அது எங்கே இருக்கு?" என்பார்கள். 2018ல் அந்தக் கன்னடப் படம் வந்த பிறகு "ஓ, துப்பாக்கி ஊரா?" என்கிறார்கள். படத்தில் ஆளுக்கொரு துப்பாக்கி. நான் வளர்ந்த லைன் வீடுகளில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை :-)

இங்கே அமெரிக்காவில் நிலைமை வேறு. பச்சை அட்டை கையில் வந்ததும் வேட்டைக்குப் போகும் நம்மவர்கள் இப்போது கணிசம். அவர்களில் ஒருவர் பழைய இரட்டைக்குழல் ஷாட்கன் ஒன்றை வாங்கிவிட்டு, "குழல் ரொம்ப நீளம். 18 அங்குலத்துக்கு மேல் இருந்தால் வீட்டிலேயே அறுத்துக்கொள்ளலாமாமே?" என்று கேட்டார். கூடவே, "ஊரில் தாத்தா துப்பாக்கி ஒன்று சும்மா கிடக்கிறது, அதையும் அப்படியே செய்யலாம்" என்றார். முதல் கேள்விக்குச் சில நிபந்தனைகளோடு "ஆம்". இரண்டாவதற்கு "வேண்டவே வேண்டாம், ஜெயில்!" ஏன் இப்படி என்று தேடிப் போனால் ஒரு நூற்றாண்டுக் கதை வருகிறது.

முதலில் அமெரிக்கா. மதுவிலக்குக் காலத்துக் கும்பல்களின் சண்டைகளுக்குப் பிறகு 1934ல் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. அதன் முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. அவற்றைப் பதிவு செய்யச் சொன்னால், நீளத் துப்பாக்கியை அறுத்துச் சட்டைக்குள் மறைத்துக்கொள்வார்கள் அல்லவா? அந்த ஓட்டையை அடைக்கத்தான் குழல் நீள விதி. கடைசியில் கைத்துப்பாக்கிகள் சட்டத்திலிருந்து நழுவிவிட்டன, ஓட்டையை அடைத்த விதி மட்டும் தங்கிவிட்டது. ஷாட்கன் என்றால் குழல் 18 அங்குலம், மொத்த நீளம் 26 அங்குலம். இந்த இரண்டில் எது குறைந்தாலும் அறுப்பதற்கு முன்பே மத்திய அரசின் அனுமதியும் பதிவும் வேண்டும். 1934ல் வைத்த 200 டாலர் வரி 90 ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தது. 2025ல் வந்த சட்டம் 2026 ஜனவரி முதல் இந்த வகைக்கு அதைப் பூஜ்யமாக்கியது. வரிதான் போனது, பதிவு போகவில்லை.

இந்த விதி உச்சநீதிமன்றம் வரை போனது. ஓக்லஹோமாவிலிருந்து ஆர்கன்சாவுக்கு 18 அங்குலத்துக்குக் குறைவான, பதிவில்லாத ஷாட்கனைக் கொண்டுபோன வழக்கு அது. 1939ல் தீர்ப்பு வந்தபோது குற்றம் சாட்டப்பட்ட ஜாக் மில்லர் உயிரோடு இல்லை. குடிப்படைக்கு இப்படிப்பட்ட ஆயுதம் பயன்படும் என்பதற்கு எந்தச் சான்றும் தங்கள் முன் இல்லை என்று சொல்லி நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. குழல் நீளம் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் 1992 ரூபி ரிட்ஜ் சம்பவத்தைப் படிக்கலாம். அறுத்த ஷாட்கன்கள் பற்றிய குற்றச்சாட்டில் தொடங்கி, ஒரு தாய், ஒரு சிறுவன், ஒரு அரசு அதிகாரி என்று மூன்று உயிர்களில் போய் முடிந்தது.

அறுத்தால் என்ன லாபம்? கரும்பொடி வெடிமருந்து எரிந்து முடிய நீளமான குழல் தேவைப்பட்டது. இன்றைய புகையில்லாத மருந்து சில அங்குலங்களிலேயே வேலையை முடித்துவிடும். அதனால் அறுப்பதால் வேகம் பெரிதாகக் குறையாது. குண்டுகள் பரவுவது நீளம் குறைவதால் மட்டும் என்பதும் சரியல்ல. குழல் வாயில் 'சோக்' என்று ஒரு நெருக்கம் இருக்கும். அறுக்கும்போது அது போய்விடுகிறது, அதுதான் முக்கியக் காரணம். அதாவது வேட்டைக்கு இதனால் பெரிய நன்மை இல்லை. மறைப்பதற்குத்தான் நன்மை. சட்டம் பயப்படுவதும் அதற்குத்தான்.

இனி நம்மூர். பிரிட்டிஷ் இந்தியாவில் 1878ல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் துப்பாக்கி வைக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. இந்த இன பேதம் விதிகளிலிருந்து நீங்க முதல் உலகப் போர் முடிய வேண்டியிருந்தது. காந்தி உட்படப் பலர் இந்தச் சட்டத்தைக் கண்டித்திருக்கிறார்கள்.

கோலார் தங்கவயல் மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1880ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்த பிறகு, வட ஆற்காடு பக்கத்திலிருந்து வந்த நம் மக்கள், பெரும்பாலும் தலித்துகள், பாறையை உடைத்தார்கள். வெடிமருந்தோடு பூமிக்கடியில் தினமும் வேலை. மேலே வந்தால் துப்பாக்கி இன்னொரு கூட்டத்திடம். 1920ல் வந்த துணைப்படைச் சட்டத்தின் கீழ் கோலார் தங்கவயலுக்கென்றே ஒரு பட்டாலியன் இருந்தது. அதில் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும்தான் சேரலாம். 1930ல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1946 நவம்பரில் இன்னொரு போராட்டத்தில் போலீஸ் சுட்டு, தொழிலாளர்கள் செத்தார்கள். எங்க ஊரின் உண்மையான துப்பாக்கிக் கதை இதுதான். அதில் குழல் எப்போதும் தொழிலாளியை நோக்கித்தான் இருந்தது.

அப்படியானால் சுதந்திரம் வந்ததும் எல்லோர் கையிலும் துப்பாக்கி கொடுத்திருக்க வேண்டாமா? 1931 கராச்சி காங்கிரஸ், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்றே தீர்மானம் போட்டது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை நினைவூட்டித் திருத்தம் கொண்டுவந்தார். எதிர்த்தவர் அம்பேத்கர். வன்முறையாளர்களுக்கும் அந்த உரிமை போய்விடும் என்பது அவர் கவலை. திருத்தம் தோற்றது. துப்பாக்கி உரிமை எல்லோருக்கும் என்று எழுதினாலும், ஊரில் அது முதலில் யார் கைக்குப் போயிருக்கும்? பண்ணையார் கைக்கா, சேரிக்காரர் கைக்கா? லைன் வீட்டில் பிறந்த எனக்கு இதில் சந்தேகம் இல்லை.

1959ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது, 1962 அக்டோபர் 1 முதல் அமல். அதன் 6வது பிரிவுதான் நண்பரின் தாத்தா துப்பாக்கிக்கு விடை. உரிமம் இல்லாமல் எந்தத் துப்பாக்கியின் குழலையும் குறைக்கக்கூடாது. எத்தனை அங்குலம் என்ற பேச்சே அந்தப் பிரிவில் கிடையாது. 1962 விதிகளில் 20 அங்குலம் என்று ஒரு எண் வந்தது. ஆனால் அது, அதற்குக் குறைந்த குழலுள்ள துப்பாக்கியைத் தடைசெய்த வகையில் சேர்ப்பதற்கு. 30 அங்குலக் குழலை 28 ஆக்கினாலும் குற்றம் குற்றம்தான். துப்பாக்கி வைத்திருக்க வாங்கிய உரிமம் அறுப்பதற்கான உரிமம் ஆகாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். தாத்தா காலமாகி, வாரிசு பெயரில் உரிமம் இல்லாவிட்டால் அந்தத் துப்பாக்கி வீட்டில் இருக்கவே கூடாது. தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும்.

பிரிட்டன் நடுவில் நிற்கிறது. அங்கே 1937ல் 20 அங்குலம், 1965ல் 24 அங்குலம் என்று எல்லை வகுத்தார்கள். அதற்குக் கீழே அறுத்தால் குற்றம்.

ஆக, அமெரிக்கச் சட்டம் அறுத்த பிறகு மிச்சமிருப்பதை அளக்கிறது. இந்தியச் சட்டம் ரம்பத்தை எடுத்தவனின் உரிமத்தைக் கேட்கிறது. குடிமகன் கையில் துப்பாக்கி இருப்பது இயல்பு என்று நினைத்த நாடு ஒன்று. உரிமம் இருந்தால்தான் என்று நினைத்த நாடு இன்னொன்று. ஒரு நாட்டுப் பழக்கத்தைப் பெட்டியில் கட்டிக்கொண்டு இன்னொரு நாட்டில் இறங்கினால் வம்புதான்.

இங்கே இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். மாநிலச் சட்டங்கள் மத்தியச் சட்டத்தைவிடக் கடுமையாக இருக்கலாம். அதைவிட முக்கியம், எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே பொதுவாக மத்தியக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. குழல் 18 அங்குலமா 28 அங்குலமா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

நண்பர் ஊரில் அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறார். தாத்தா துப்பாக்கி அறுபடாமல் காவல் நிலையம் போகிறது.