சி.பி.யு. என்னும் சினையாகுபெயர்: கணினிப் பெட்டியைத் திறந்த வரலாறு

இந்தியாவில் மேசைக் கணினியின் தகரப் பெட்டி முழுவதையும் 'சி.பி.யு.' என்று சொல்வது நெடுநாள் வழக்கம். ஆய்வகங்களின் இருப்புப் பதிவேட்டிலும் 'மானிட்டர் 1, கீபோர்டு 1, சி.பி.யு. 1' என்று எழுதியிருப்பதைக் காணலாம். உண்மையில் சி.பி.யு. என்பது அப்பெட்டிக்குள் இருக்கும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சில்லு. 'தலைக்கு இரண்டு பழம்' என்னும்போது தலை ஆளைக் குறிப்பது போல, உறுப்பின் பெயர் இங்கே முழுமைக்கு ஆகிவருகிறது. நம் இலக்கணத்தார் இதனைச் சினையாகுபெயர் என்பர்.

இவ்வழக்கைப் பிழை என்று ஒதுக்குவது எளிது. ஆயின் இதில் ஒரு சமூக வரலாறு படிந்திருக்கிறது. பயன்படுத்துவோருக்கு அந்தப் பெட்டி பிரிக்கவியலாத ஒரே பொருள். அதைத் திறப்பவர் எப்போதும் வேறொருவர். மதர்போர்டையும் செயலியையும் முதன்முறையாகத் தாமே மாற்ற முனைபவர் கடப்பது இந்த எல்லையைத்தான். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுக்கு வந்தபின், ஆய்வு மாணவர் பலரும் இந்த எல்லையில் வந்து நிற்கிறார்கள். அங்கு வந்து சேர்ந்த வழியைச் சுருக்கமாகக் காண்போம்.

மாற்றத்தக்க கணினி என்பது யாரும் திட்டமிட்டுத் தந்த கொடையன்று. 1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி., சந்தையில் கிடைத்த பாகங்களைக் கொண்டு விரைவில் உருவாக்கப்பட்டது. இன்டெல் 8088 செயலி அதில் ஒரு சாக்கெட்டில் செருகப்பட்டிருந்தது. அருகிலேயே 8087 கணிதத் துணைச்செயலிக்கென ஒரு சாக்கெட் காலியாக விடப்பட்டிருந்தது. பின்னர் நெக் நிறுவனம் 8088 இருந்த இடத்திலேயே பொருந்தும் வி20 என்னும் சில்லை வெளியிட்டது. வீட்டிலேயே செயலியை மாற்றும் வழக்கத்தின் தொடக்கங்களில் இதுவும் ஒன்று. சுற்றுப் படங்களையும் பயாஸ் நிரலையும் ஐ.பி.எம். தானே கையேட்டில் அச்சிட்டிருந்தது. காம்பேக், ஃபீனிக்ஸ் போன்ற நிறுவனங்கள் அந்நிரலைப் படியெடுக்காமல், அதே வேலையைச் செய்யும் பயாஸைப் புதிதாக எழுதின. அதன்பின் எவரும் ஒத்த கணினியைச் செய்யலாம் என்றாயிற்று. உற்பத்தியாளரின் கட்டுப்பாடு தளர்ந்த இடத்தில்தான் பயனரின் உரிமை முளைத்தது.

இந்தியாவில் இக்கதை வேறொரு முனையிலிருந்து தொடங்குகிறது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி தன் பங்குரிமையைக் குறைத்துக்கொள்ள இசையாத ஐ.பி.எம்., 1978இல் நாட்டைவிட்டு வெளியேறியது. அதன் பழைய இயந்திரங்களைப் பேணும் பொறுப்பு அரசு நிறுவனமான சி.எம்.சி.யிடம் வந்தது. அப்பெயரின் விரிவு கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன். செய்வதன்று, பேணுவதே அதன் பெயரில் இருந்தது. நம் கணினிப் பண்பாட்டில் பழுதுபார்ப்பு பின்னால் ஒட்டிக்கொண்ட தொழிலன்று என்பதற்கு இதுவே சான்று.

1984 நவம்பரின் புதிய கணினிக் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 1991க்குப் பின் அவை மேலும் நெகிழ்ந்தன. 1997இல் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இணைந்த இந்தியா, அதன்கீழ் வந்த பொருள்களுக்கான சுங்க வரியை 2005க்குள் படிப்படியாக நீக்க ஒப்புக்கொண்டது. இக்காலத்தில்தான் தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லேமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு ஆகியவை உதிரிப் பாகச் சந்தைகளாகத் தழைத்தன. 'பிராண்டடா, அசெம்பிள்டா?' என்பது கணினி வாங்குவோரின் முதல் கேள்வியாயிற்று. 'அசெம்பிள்டு' என்னும் பெயரெச்சம் இங்கே பெயர்ச்சொல்லாகவே நிலைத்தது. நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் முதல் கணினி எந்த நிறுவன முத்திரையும் இன்றி, தெரிந்த கடைக்காரர் ஒருவர் கைப்படக் கோத்துத் தந்ததுதான்.

ஆனால் அந்த உரிமையின் எல்லையைச் சாக்கெட்டே வரையறுத்தது. 1990களின் நடுப்பகுதியில் சாக்கெட் 7 இருந்த பலகையில் இன்டெல், ஏ.எம்.டி., சைரிக்ஸ் எனப் போட்டி நிறுவனங்களின் செயலிகளும் பொருந்தின. 1997இல் பென்டியம் 2 உடன் இன்டெல் தனக்கே உரிய ஸ்லாட் 1க்கு மாறியது. பொதுவழி பிரிந்தது, அதன்பின் செயலியைத் தேர்வது பலகையையும் சேர்த்துத் தேர்வதாயிற்று. 2017இல் வந்த எட்டாம் தலைமுறைச் செயலிகளுக்கும் முந்தைய இரு தலைமுறைகளுக்கும் சாக்கெட்டில் 1151 தொடுமுனைகளே. இருந்தும் பழைய பலகைகளை இன்டெல் அவற்றுக்கு அனுமதிக்கவில்லை. மின்வழங்கல் தேவை மாறியதைக் காரணமாகச் சொன்னது. மாற்றிய பயாஸைக் கொண்டு சில பழைய பலகைகளில் அவற்றை இயக்கிக் காட்டினர் ஆர்வலர்.

விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் செயலிகளின் பட்டியலும், சில விலக்குகள் நீங்கலாக, அதே எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. எனவே ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினி வைத்திருப்பவர் செயலியை மட்டும் மாற்றித் தப்ப இயலாது. பலகையையும் மாற்றியாக வேண்டும். புதிய பலகை டி.டி.ஆர்.5 நினைவகத்தைக் கேட்டால் பழைய டி.டி.ஆர்.4 பயன்படாது; பள்ளம் வேறிடத்தில் இருப்பதால் செருகவே முடியாது. மாறாக, 2017இல் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 பலகை வாங்கியவர், தயாரிப்பாளர் பயாஸ் புதுப்பிப்பைத் தந்திருந்தால், 2020இல் வந்த செயலியைக்கூட அதிலேயே பொருத்தலாம். அந்த ஒப்புதலும் முதல் வரிசைப் பலகைகளுக்கு 2022இல்தான் முறையாக வந்தது. இங்கே தடை இயற்பியல் மட்டுமன்று, அனுமதியும் ஆகும்.

பெட்டியைத் திறப்பவர் காண்பது ஒரே காலத்தின் பொருளன்று. பெட்டியின் திருகுத் துளைகள் 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவைப் பின்பற்றுகின்றன. 2004 முதல் இன்டெல் மேசைக் கணினிகளில் ஊசிகள் செயலியிலிருந்து பலகைக்கு இடம்பெயர்ந்தன. ஆகவே கைதவறினால் வளைவது பலகையின் ஊசி. செயலியோ மின்சாரம் பாய்ந்தவுடன், 1978இல் வெளிவந்த 8086இன் இயங்குமுறையில்தான் கண்விழிக்கிறது. ஐ.பி.எம். இந்தியாவை விட்டுச் சென்றதும் அதே ஆண்டுதான் என்பது ஒரு தற்செயல். பழஞ்சொற்கள் புதுமொழியில் எஞ்சுவது போலவே இங்கும் மரபு எஞ்சுகிறது.

இவ்வளவையும் மாற்றிய பின் எஞ்சுவது பழைய கணினியா, புதியதா? பொதுவழக்கு செயலியின் பெயரைக் கணினிக்கு இட்டது. மைக்ரோசாஃப்டின் உரிம விதியோ வேறு விடை தருகிறது. கணினியோடு வந்த ஓ.இ.எம். உரிமம் மதர்போர்டைச் சார்ந்தது. பலகை மாறினால் பொதுவாக அது வேறு கணினி. ஆகுபெயரை இங்கே சட்டமே தீர்மானிக்கிறது, வேறோர் உறுப்பைக் கொண்டு.

இன்று இந்த வரலாறு சுருங்கி வருகிறது. மடிக்கணினிகளில் செயலி பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகிறது. பலவற்றில் நினைவகமும் அப்படியே. ஒரு சில்லு போதாமற்போனால் பலகை முழுவதும் கழிவு. அக்கழிவில் ஒரு பங்கு தில்லியின் சீலம்பூர் போன்ற இடங்களில், போதிய பாதுகாப்பின்றி, தொழிலாளர் கைகளால் பிரிக்கப்படுகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்துகின்றன. ஆனால் கழிவாகும் முன் ஒரு கணினி எத்தனை ஆண்டு வாழலாம் என்பது சாக்கெட்டையும் மென்பொருள் ஆதரவையும் தீர்மானிப்பவர் கையில் இருக்கிறது. ஆகவே உங்கள் துறைக்குக் கணினி வாங்கும் குழுவில் இருப்பவர்கள் விலையோடு இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கவேண்டும்: இதில் எவற்றை மாற்றலாம்? எத்தனை ஆண்டு வரை? விண்டோஸ் ஏற்காத பழைய கணினிகளுள் பல லினக்ஸில் நன்றாகவே இயங்கும் என்பதையும் கழித்துக்கட்டும் முன் நினைவிற்கொள்ளலாம்.

ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிறுவனங்களின் வரலாறு ஆண்டறிக்கைகளில் பாதுகாக்கப்படும். கோத்துத் தந்த கடைக்காரர்களின் வரலாறு கையால் எழுதிய மதிப்பீட்டுச் சீட்டிலும், மங்கிப்போன ரசீதிலும், 'பழையதை எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கொள்வோம்' என்ற விளம்பரத் துண்டிலும்தான் இருக்கிறது. எந்தப் பாகம் எந்த ஆண்டில் என்ன விலைக்கு விற்றது, அதை எந்தச் சொல்லால் அழைத்தார்கள் என்பதற்கு இவையே முதன்மைச் சான்றுகள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். தேதி தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள்.