மழைநீரின் மாசும் மண்ணின் மாண்பும்



மழைநீர் தூயது என்பது நம் முன்னோர் கொண்ட கருத்து. ஆயினும், அது எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தே அதன் பிற்கால வாழ்வு அமைகிறது. காட்டில் விழுந்த துளி மண்ணுள் இறங்கி, வேர்களைக் கடந்து, தெளிந்து ஓடையை அடைகிறது. தார்த்தளத்தில் விழுந்த துளியோ, உள்ளே இறங்க வழியின்றி, அங்குள்ள எண்ணெய்ப் பிசுக்கையும் உலோகத் தூளையும் வாரிக்கொண்டு வடிகாலில் பாய்கிறது. இவ்வேறுபாட்டை மக்கள் எவ்வாறு உணர்ந்தனர் என்பதே இன்று நான் கூறவிருக்கும் வரலாறு. பல்லாண்டுகள் வகுப்பறையில் போர்களையும் உடன்படிக்கைகளையும் கற்பித்த எனக்கு, இத்தகைய வரலாறும் உங்களுக்கு வேண்டும் என்று தோன்றுகிறது.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், கடல் நிலத்தினுள் நெடுந்தூரம் புகுந்துள்ள பகுதியைப் பியூஜெட் சவுண்ட் என்பர். அதன் கரையில் உள்ளது டகோமா நகரம். அந்நகரின் முனையில் பாயிண்ட் டிபயன்ஸ் என்னும் பூங்கா இருக்கிறது. படைத்துறைக்கென ஒதுக்கியிருந்த அந்நிலத்தைப் பொதுப் பூங்காவாகப் பயன்படுத்த 1888-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இசைவு தந்தது. அந்நாளில் அங்கே மோட்டார் வண்டி கிடையாது. பின்னர் வண்டிகள் வந்தன. அவற்றை நிறுத்தத் தளங்கள் வந்தன. சுற்றிலும் கூரைகளும் சாலைகளும் பெருகின. மழைநீரை விரைவில் கடலுக்கு அனுப்பிவிடுவதே நெடுங்காலம் பொறியாளர்களின் நோக்கமாக இருந்தது.

1972-ஆம் ஆண்டில் அந்நாட்டில் தூய நீர்ச் சட்டம் பிறந்தது. ஆலைக் கழிவும் நகரச் சாக்கடையும் நீரில் கலப்பதை அது கட்டுப்படுத்தியது. ஆலைக்குக் குழாய் உண்டு. குழாய்க்கு உரியவர் உண்டு. அவரைக் கேள்வி கேட்கலாம். மழைநீருக்கு உரியவர் யார்? 28 இடங்களில் ஆராய்ச்சி நடத்தி 1983-இல் வெளியிட்ட அரசு அறிக்கை, நகர மழைநீரில் செம்பு, ஈயம், துத்தநாகம் ஆகியவை பரவலாகக் கலந்திருப்பதைக் காட்டியது. 1987-இல் சட்டம் திருத்தப்பெற்று, நகர மழைநீரும் அதன் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

இனி, இந்நீரைத் தூய்மை செய்வது எவ்வாறு? கிழக்குக் கரையோர மாநிலமான மேரிலாந்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் மாவட்டத்தார் 1990-களின் தொடக்கத்தில் எளிய வழியொன்றை வகுத்தனர். வண்டி நிறுத்தும் தளத்தின் ஓரத்தில் ஆழமில்லாத பள்ளம் தோண்டி, மணலும் மக்கும் கலந்த மண்ணை நிரப்பிச் செடிகளை நட்டனர். தளத்து நீர் அதில் தேங்கி மெல்ல இறங்கும். துகள்களை மணல் தடுக்கும். உலோகங்களை மக்கு பற்றிக்கொள்ளும். எண்ணெயை நுண்ணுயிர்கள் சிதைக்கும். காடு செய்துவந்த பணியைச் சிறு பாத்தி செய்தது!

இதன் அருமையை மீன்கள் மெய்ப்பித்தன. கோஹோ என்னும் சால்மன் மீன் ஓடையில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் ஓடைக்கே திரும்புவது. பியூஜெட் சவுண்ட் பகுதியின் நகர ஓடைகளில், மழை பெய்ததும் இம்மீன்கள் முட்டையிடுமுன்பே தடுமாறி மடிந்தன. ஆயிரம் இடர்களைக் கடந்து வந்த தாய் மீன், வயிற்றில் முட்டைகளுடன் தன் ஓடையிலேயே இறந்துகிடந்தது. சாலையில் வடிந்த நீரை எடுத்து ஆய்வாளர் சோதித்தபோது, அதில் விட்ட மீன்கள் சில மணி நேரத்தில் செத்தன. அதே நீரை மணலும் மக்கும் கலந்த மண்ணில் வடித்துவிட்டபோதோ அவை பிழைத்தன. நஞ்சு எது என்பது 2020-இல்தான் தெளிவாயிற்று. டயரில் விரிசல் விழாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்னும் பொருள் ஓசோனுடன் கலந்து மாறும்போது உண்டாகும் வேதிப்பொருளே அது. ஆகவே, அங்கே வண்டி ஓட்டிய ஒவ்வொருவரும், தம்மை அறியாமலே, அச்சாவில் பங்கு கொண்டிருந்தனர்.

பாயிண்ட் டிபயன்ஸ் பூங்காவில் இன்று மழைநீர் சுத்திகரிப்பு அமைப்பு ஒன்று இயங்குகிறது. ஏறத்தாழ 750 ஏக்கர் பரப்பில் வடியும் நீர், கடலை அடையுமுன் அங்கே வடிகட்டப்பெறுகிறது. பூங்காவின் அழகைக் காண வருவோர், தாம் வந்த வண்டியின் கழிவு எங்கே போகிறது என்பதையும் அங்கே காணலாம்.

எனினும், வடிகட்டுவதோடு கடமை முடிந்துவிடாது. படிந்த வண்டலை அவ்வப்போது அகற்ற வேண்டும். இல்லையேல் பாத்தி அடைபட்டுப் பயனற்றுப் போகும். அதனினும் மேலானது, நஞ்சைத் தோன்றுமிடத்திலேயே தடுப்பது. வண்டி நிறுத்தும் தளங்களின்மேல் பூசும் நிலக்கரித் தார்ப் பூச்சு தீங்கு விளைவிப்பதைக் கண்ட டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரம், 2006-இல் அதற்குத் தடை விதித்தது. மாநிலங்களுள் முதலாவதாக வாஷிங்டன் 2011-இல் அவ்வாறே தடைச் சட்டம் இயற்றியது. வருமுன் காத்தல் என்பது இதுதான் அன்றோ!

நண்பர்களே, மன்னன் ஒருவன் செய்த தவற்றை வரலாறு எளிதில் கண்டுபிடித்துவிடும். பல்லாயிரவர் நாள்தோறும் துளித்துளியாகச் செய்யும் தவறு கண்ணில் படுவதற்கு நெடுங்காலம் ஆகிறது. அடுத்த மழையின்போது உங்கள் பள்ளி வாயிலில் சற்றே நின்று, தெருநீர் எங்கிருந்து வருகிறது, எதைச் சுமந்து வருகிறது, எங்கே போகிறது என்று பாருங்கள். அந்தக் கேள்வியிலிருந்தே இந்த வரலாற்றின் அடுத்த ஏடு தொடங்கும்.