கிறிஸ்துமஸ் பேய்ப் படத்தில் குழந்தைகள் நடிக்கலாம்... பார்க்கலாமா?

டிசம்பர் மாதம், பனி, நட்சத்திர விளக்கு, கேக். இந்தப் பட்டியலில் பேய்க்கு என்ன வேலைன்னு நீங்கள் கேட்கலாம். ஆனால், கிறிஸ்துமஸும் பேயும் பழைய கூட்டாளிகள். சார்லஸ் டிக்கன்ஸ் 1843-இல் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையே, கஞ்சனான ஸ்க்ரூஜைத் திருத்த ஆவிகள் வரும் கதைதான். சினிமாவும் அதைப் பிடித்துக்கொண்டது. ஃபின்லாந்தின் 'ரேர் எக்ஸ்போர்ட்ஸ்' (2010) படத்தில் கிறிஸ்துமஸ் தாத்தாவே குழந்தைகளைப் பிடிக்கும் பூதம். அதை முதலில் கண்டுபிடிப்பவனும் ஒரு சிறுவன்தான்.

இதே மாதிரி ஒரு படத்தை, குழந்தைகளையே ஹீரோவாகப் போட்டு, ஹைதராபாத்தில் எடுக்கிறார்கள்னு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் படங்களுக்கும் அங்கே அடிக்கடி செட் போடுகிறார்கள் என்பதால் இது நமக்கு ரொம்ப தூரத்து விஷயமில்லை. அந்தக் குழந்தையை எத்தனை மணி நேரம் நடிக்க வைக்கலாம்? சம்பளம் யாருக்குப் போகும்? படம் வந்ததும் அந்தக் குழந்தையே தியேட்டருக்குப் போய்ப் பார்க்க முடியுமா?

செட்டில் என்ன விதி?

14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது குற்றம். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் இதற்கு இரண்டே விலக்குகள் தருகிறது. ஒன்று, பள்ளி நேரம் போக குடும்பத் தொழிலில் உதவுவது. இன்னொன்று, சினிமா, சீரியல், விளம்பரம் போன்றவற்றில் கலைஞராக நடிப்பது. சர்க்கஸுக்கு விலக்கு கிடையாது.

2017-இல் வந்த விதிகள்தான் நடிப்புக்கான நிபந்தனைகளைச் சொல்கின்றன. ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. இடைவெளி இல்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். படிப்பு தடைபடக் கூடாது.

ஷூட்டிங் நடக்கும் மாவட்டத்தின் மாஜிஸ்ட்ரேட், அதாவது கலெக்டர், முன்கூட்டியே அனுமதி தர வேண்டும். இதில் ஒரு சின்ன சிக்கல் உண்டு. 'ஹைதராபாத் ஷூட்டிங்' என்று நாம் சொல்லும் ராமோஜி ஃபிலிம் சிட்டி ஹைதராபாத் மாவட்டத்திலேயே இல்லை, ரங்காரெட்டி மாவட்டத்தில் இருக்கிறது. நகரத்துக்குள் இருக்கும் அன்னபூர்ணா ஸ்டூடியோவில் ஒரு காட்சி, ஃபிலிம் சிட்டியில் ஒரு காட்சி என்றால் இரண்டு கலெக்டர் அலுவலகங்களில் ஏற வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போக வேண்டும். 18 வயதில் அது அவர்கள் கைக்கு வரும். மீதி 80 சதவீதத்தை யார் வைத்துக்கொள்வது என்பது பற்றி விதியில் பேச்சே இல்லை.

பேய்ப் படத்துக்கு மட்டும் ஏன் கூடுதல் கவலை?

பேய் வருவது பெரும்பாலும் ராத்திரியில்தானே! குடும்பத் தொழிலில் உதவும் குழந்தைக்கு இரவு 7 முதல் காலை 8 மணி வரை வேலை கூடாது என்று அதே விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. நடிக்கும் குழந்தைகளுக்கான பிரிவில் அந்த வரி இல்லை. 5 மணி நேரம்னு எண்ணுகிறார்களே தவிர, எந்த 5 மணி நேரம் என்று கேட்கவில்லை. என்னைக் கேட்டால், பெரிய ஓட்டை இதுதான்.

அடுத்தது பயம். ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980) படத்தில் நடித்த சிறுவன் டேனி லாய்டிடம், அது பேய்ப் படம் என்றே சொல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். விருப்பத்துக்கு மாறாக எந்தக் குழந்தையையும் நடிக்க வைக்கக் கூடாது என்கிறது நம் விதி. நல்லதுதான். ஆனால், அம்மா, அப்பா, டைரக்டர், நூறு பேர் கொண்ட யூனிட் எல்லாம் காத்துக்கொண்டு நிற்கும்போது, ஒன்பது வயதுப் பிள்ளை 'எனக்குப் பயமா இருக்கு, வேண்டாம்' என்று சொல்லிவிடுமா?

14 வயது முடிந்துவிட்டால் இந்தப் பிரிவின் பாதுகாப்பும் முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு 5 மணி நேரக் கணக்கு கிடையாது.

சரி, சென்சார்?

இங்கேயும் ஒரு கிறிஸ்துமஸ் பேய்தான் முன்னோடி. 1984 ஜூனில் அமெரிக்காவில் 'கிரெம்லின்ஸ்' வந்தது. கிறிஸ்துமஸ் பரிசாக வரும் அழகான குட்டிப் பிராணியிலிருந்து ராட்சதர்கள் முளைக்கும் படம். பொம்மைப் படம்னு நம்பிக் குழந்தைகளைக் கூட்டிப்போன பெற்றோர் கொந்தளித்தார்கள். அதற்கு முந்தைய மாதம் வந்த 'இண்டியானா ஜோன்ஸ்' படத்தின் மீதும் அதே கோபம். ஜூலையிலேயே 'பிஜி-13' என்ற புதுச் சான்றிதழ் பிறந்தது.

அதே ஆகஸ்டில் இங்கே 'மை டியர் குட்டிச்சாத்தான்' வந்து, குழந்தைகள் குட்டிச்சாத்தானோடு கூட்டணி போட்டதை முப்பரிமாணத்தில் நாடே ரசித்தது. ஆனால், வயதுவாரிப் பிரிவு நமக்கு வர சுமார் 40 வருஷம் ஆனது. 2023 சட்டத்திருத்தத்தில்தான் யு/ஏ என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்தது.

இந்த எண்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியது பெற்றோர் மட்டுமே. தியேட்டர்காரர் தடுக்க முடியாது. 'ஏ' சான்றிதழ் என்றால் கதை வேறு: 18 வயது ஆகாதவருக்கு அனுமதி இல்லை, அந்தப் படத்தின் ஹீரோவாகவே இருந்தாலும்! குழந்தைகள் வன்முறைக்கு ஆளாவதையோ, அதில் ஈடுபடுவதையோ, அதைப் பார்க்கக் கட்டாயப்படுத்தப்படுவதையோ தேவையில்லாமல் காட்டக் கூடாது என்று சான்றிதழ் வழிகாட்டுதல்களிலும் இருப்பதால், இந்த வகைப் படங்களுக்கு கத்தரி பயம் கொஞ்சம் அதிகம்தான்.

ஹைதராபாத்தில் இன்னொன்றும் நடந்தது. 2024 டிசம்பரில் 'புஷ்பா 2' சிறப்புக் காட்சியின்போது சந்தியா தியேட்டரில் ஏற்பட்ட நெரிசலில் ஒரு பெண் உயிரிழந்தார். அவருடைய மகன் படுகாயமடைந்தான். அடுத்த மாதமே, காலை 11 மணிக்கு முன்பும் இரவு 11 மணிக்குப் பின்பும் 16 வயதுக்கு உட்பட்டவர்களைத் தியேட்டருக்குள் விடக் கூடாது என்றது தெலங்கானா உயர் நீதிமன்றம். மார்ச்சில் அந்தத் தடையைத் தளர்த்தியது. ஆக, ராத்திரி செட்டில் குழந்தை நிற்பதைப் பற்றி விதி பேசவில்லை. ராத்திரி ஷோவில் குழந்தை உட்கார்வதற்கு மட்டும் சில வாரங்கள் தடை இருந்தது.