மலைமேல் நின்ற நீர்

கேப் டவுன் நகருக்குப் பின்னே மதிலென எழுந்து நிற்கும் மேசை மலை 1,086 மீட்டர் உயரமுடையது. வருவோருள் பலர் கம்பிவடப் பெட்டியில் உச்சியை அடைந்து, கடலைக் கண்டு இறங்கிவிடுவர். நாமோ மேற்குச் சரிவிலுள்ள காஸ்டீல்ஸ்பூர்ட் கணவாய் வழியே நடந்து ஏறினோம். மலையின் பின்மேட்டில் பழைய கல்லணைகள் உண்டெனக் கேள்வியுற்றதே காரணம்.

கணவாயின் முடிவில், பாறை விளிம்பில், கல்மேடை ஒன்றின் எச்சம் கிடக்கிறது. கட்டுமானப் பொருள்களைக் கீழிருந்து மேலே இழுத்த வடப்பாதை அங்கேதான் முடிந்தது. நீராவி எஞ்சின் ஒன்றும் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு மலையேறியது. இப்போது அது அணையருகே அருங்காட்சியகத்தில் ஓய்வு கொண்டிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரம் பெருகிற்று, நீர் போதவில்லை. டீசா ஓடையோ மலையின் மறுபுறம் ஹவுட் விரிகுடா நோக்கி ஓடியது. எனவே மலையைக் குடைந்து ஓடையை நகரின் பக்கம் திருப்பினர். 1891இல் முடிந்த அச்சுரங்கம் துளைத்துச் சென்ற குன்றுத்தொடரின் பெயர் 'பன்னிரு திருத்தூதர்' என்றறிந்து வியந்தோம். கோடையில் ஓடை வற்றியதால் சுரங்கம் மட்டும் போதவில்லை. ஸ்காட்லாந்தியப் பொறியாளர் தாமஸ் ஸ்டூவர்ட் வகுத்தபடி 1897இல் வுட்ஹெட் அணை எழுந்தது. 1904இல் ஹெலி ஹட்சின்சன் அணையும் சேர்ந்தது.

அணைச் சுவரருகே நெடுநேரம் நின்றோம். மலையிலேயே வெட்டிய மணற்பாறை. நூறாண்டு கடந்தும் இணைப்புகள் கலையவில்லை. தாவரச் சாறு ஊறிய நீர் தேயிலை வடித்த நிறத்தில் தேங்கியிருந்தது. ஓர் அணைக்கு நகரத் தலைவர் ஒருவர் பெயர். மற்றதற்கு ஆளுநர் பெயர். குளிரிலும் மூடுபனியிலும் இம்மேட்டிலேயே தங்கிக் கல் சுமந்த நூற்றுக்கணக்கானோரில் எவர் பெயரும் அணைகளுக்கு இல்லை. இது நம் நாட்டு அணைகளுக்கும் புதிதன்றே!

இறங்கும்போது நகரை நோக்கிய பிளாட்டகிளிப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தோம். 1652இல் ஒல்லாந்தர் இங்கே கப்பல் தங்குமிடம் அமைத்ததற்கு இம்மலையின் நன்னீரே பெருங்காரணம். பின்னர், அடிமைப்பட்ட பெண்கள் ஊராரின் துணிகளைத் தலையிற் சுமந்துவந்து இவ்வோடையில் வெளுத்தனர். கேப்பிற்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகளுள் நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டோரும் இருந்தனர். 1834இல் அடிமை முறை ஒழிந்தது. எனினும் 'பயிற்சி' என்னும் பெயரால் மேலும் நான்காண்டுகள் அதே எசமானரிடம் கட்டுண்டிருந்தனர். அதன் பின்னும் சலவை இங்கே தொடர்ந்தது. அதற்கென எழுந்த கூடங்களும் பிற்காலத்தில் பாழடைந்தன.

2018ஆம் ஆண்டு வறட்சியில் குழாய்கள் வற்றும் நாள் குறிக்கப்பட்டபோது, நகரமக்கள் குடங்களோடு மலையடி ஊற்றில் இரவுபகலாய் வரிசை நின்றனர். நல்லவேளையாக அந்நாள் வரவில்லை.

பிளாட்டகிளிப் என்றால் தட்டைக்கல். ஓடையோரத்தில் அகன்ற பாறைகள் வழவழப்பாய்க் கிடந்தன. நீர் தேய்த்ததா, துணி தேய்த்ததா எனப் பிரித்தறியக் கூடவில்லை. காலணி கழற்றிச் சற்று அமர்ந்திருந்தோம்.